ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் உன் மனைவியும் சுகந்தானே? போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "அக்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. சுகாதாரத் துறையில் உனக்குப் பெரிய நாற்காலி கிடைத்ததிலிருந்து உன்னைப் பிடிக்க எனக்குத் தபாலை விட்டால் வேறு வழியில்லை.

அத்தானுக்கு ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. அது இறங்கும்வரை வண்டிச் சாவியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் சரக்கு வண்டி ஓட்டிய மனிதர், இப்போது வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவில் போகிற வண்டிக்கெல்லாம் குறை சொல்கிறார். அவரை வைத்துச் சமாளிப்பதற்கு நானே வண்டி ஓட்டப் போய்விடலாம் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ரொட்டித் தொழிற்சாலையில் ஏதோ தப்பு நடக்கிறது. என் வேலை உனக்குத் தெரியும். அடுப்பிலிருந்து இறங்கும் முதல் ரொட்டியை வெட்டி வாயில் போட்டுப் பார்த்து நான் தலையாட்டினால்தான் மற்றவை வெளியே போகும். இந்த நாக்குக்காகக் காலையில் காபிகூடக் குடிப்பதில்லை. போன திங்கட்கிழமையிலிருந்து ரொட்டியில் உப்பு குறைகிறது. கொஞ்சம்தான். என்னோடு ருசி மேஜையில் உட்காரும் இரண்டு பெண்களும் "சரியாத்தானே இருக்கு" என்கிறார்கள். எனக்குச் சரியாக இல்லை. ரொட்டியின் மேல்தோலும் வெளுத்துத் தெரிகிறது.

மாவு பிசையும் அறையில் ஒருவர்தான் வேலை செய்கிறார். ஆள் உயரம் என்பதால் எல்லோருக்கும் அவர் நெட்டையர். மேனேஜர் அறையில் எடை போட்ட உப்பு பொட்டலமாக அவர் கைக்கு வரும். அவர் பிரித்துக் கொட்ட வேண்டியதுதான். நடுவில் கொஞ்சம் எங்கோ போகிறது என்பது என் சந்தேகம். அவர் வீட்டில் ஆடு வளர்க்கிறார். ஆட்டுக்கு நக்க உப்பு வேண்டும் என்பது எனக்கும் தெரியும். மேனேஜரிடம் சொல்லிவிடலாமா? யோசித்து எழுது. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அத்தானைக் கேட்டதாகச் சொல். ஊறுகாயையும் பொரித்த சாமான்களையும் அவர் கண்ணில் படாத இடத்தில் வை. பழம், காய்கறி நிறையக் கொடு.

நெட்டையரைப் பற்றி எழுதியிருந்தாய். கையும் களவுமாகப் பிடிக்காமல் ஒருவர் மேல் பழி போடாதே. மேனேஜரிடம் போகவும் வேண்டாம். நீ தப்பாக நினைக்காவிட்டால் ஒன்று சொல்கிறேன். போன மாதம் உனக்குக் கடும் ஜலதோஷம் என்று எழுதியிருந்தாய். ஜலதோஷத்துக்குப் பிறகு நாக்கு மந்தமாவது சகஜம். வயதானாலும் ருசி குறையும். ஒரு டாக்டரிடம் நாக்கைக் காட்டேன்.

வேறு யாராவது ரொட்டியைப் பற்றிக் குறை சொன்னார்களா? கடைக்காரர்கள், வாங்குகிறவர்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே வேலை செய்தேன். நாக்கு மந்தமாம், வயதாம்! நீ பள்ளிக்கூடம் போகிற வயதில், தண்ணீர் கலந்த பாலை ஒரு வாயிலேயே கண்டுபிடித்துப் பால்காரரைத் திருப்பி அனுப்பியவள் நான். அன்றைக்கு மட்டும் "அக்கா நாக்கு மாதிரி உண்டா" என்று தெருவெல்லாம் பெருமை பேசினாய்.

உன் பேச்சைக் கேட்காமல் மேனேஜரிடம் போனேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஜலதோஷம் புடிச்சா நாக்கு மந்தமாயிடும்கா. ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்றார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம் பாடம் படித்தீர்களா? அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "அப்போ பொட்டலத்துல யாரோ கை வைக்கறாங்க, நெட்டையரைக் கொஞ்சம் கவனிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

உனக்காக டாக்டரிடமும் போனேன். நாக்கில் ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் ஒரு பயம் உள்ளே புகுந்துவிட்டது தம்பி. ஒவ்வொரு துண்டையும் வாயில் போட்டதும், ரொட்டி பொய் சொல்கிறதா, நாக்கு பொய் சொல்கிறதா என்று நிற்கிறேன். இந்த மேஜையை விட்டு எழுப்பிவிட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்?

ஒரு நல்ல செய்தி. அத்தானுக்கு அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தொழிற்சாலையில் தினமும் எனக்குக் கொடுக்கும் ரொட்டியைத்தான் அவர் இரண்டு வேளையும் சாப்பிடுகிறார். மருந்து வேலை செய்கிறது என்று டாக்டருக்குச் சந்தோஷம். இப்படியே போனால் சாவியைத் தொடலாமாம்.

கடைக்காரர்கள் யாரும் குறை சொல்லவில்லை. அதை ஏன் கேட்கிறாய்?

அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. அத்தான் செய்தி கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத்தில் சொல்ல முடியாது. அந்த ரொட்டியையே தொடர்ந்து கொடு.

மேனேஜர் வேலையை மேனேஜர் பார்த்துக்கொள்வார். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ரொட்டி இப்போது எப்படி இருக்கிறது? ஏதாவது மாறியிருந்தால் எழுது. சின்ன மாற்றமாக இருந்தாலும் எழுது.

அன்புடன்,
தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் மனைவியின் முதுகுவலி தேவலையா? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. ரொட்டியைப் பற்றி இரண்டு முறை கேட்டிருக்கிறாய்.

ரொட்டி இப்போது பழையபடி ஆகிவிட்டது. பிப்ரவரி நடுவிலிருந்தே சரி. மேல்தோல் சிவந்து, வாயில் போட்டால் ரொட்டி என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. மேஜையில் இருக்கும் பெண்களுக்கு இப்போதும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது, அது போதும். எப்படிச் சரியானது என்று கேட்காதே. யாரும் செய்யாத வேலையை யாரோ ஒருவர் செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நாளாகக் காலையில் சீக்கிரமே வேலைக்குப் போய்விடுகிறேன். ஆழமான பை வைத்து ஒரு புது மேலங்கியும் தைத்துக்கொண்டேன். அத்தான் "யாரைப் பார்க்க இவ்வளவு சீக்கிரம்?" என்று கிண்டல் செய்கிறார்.

போன வாரம் ஒரு நாள் மறுபடி உப்பு குறைந்த மாதிரி இருந்தது. உடனே சரியாகிவிட்டது. நெட்டையர் பலே ஆள். அவர் எடுக்க எடுக்க, இந்தப் பக்கமும் ஆள் தூங்கவில்லை.

அத்தானுக்கு மட்டும் அழுத்தம் மறுபடி ஏறியிருக்கிறது. வாசலில் உட்கார்ந்து அடுத்தவர் வண்டிக்குக் கோபப்பட்டால் ஏறாமல் என்ன செய்யும்?

அக்கா

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். மாவு பிசையும் அறைக்குள் நெட்டையரைத் தவிர வேறு யார் போகிறார்கள்? பின்பக்கக் கதவைப் பூட்டுவார்களா? மேனேஜர் தனியாக ஏதாவது கலக்கச் சொல்கிறாரா? எங்களை ஏமாற்ற முதலாளி ஏதும் தந்திரம் செய்கிறாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. உன் கண்ணில் பட்டதை எழுது. யாரிடமும் இதைப் பேசாதே.

அத்தானைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஏப்ரல் 25

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். மாவு அறைக்குப் பின்பக்கக் கதவு இருப்பது உனக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு நாளும் எழுதியதில்லை. 'எங்களை ஏமாற்ற' என்று எழுதியிருக்கிறாயே, அந்த 'எங்களை' யார்? ரொட்டித் தொழிற்சாலை முதலாளி எதற்காகச் சுகாதாரத் துறையை ஏமாற்ற வேண்டும்?

இங்கே நடந்ததைக் கேள். உன் துறை ஆட்கள் நாலு பேர் வந்து ரொட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் கழித்து மேனேஜர் நெட்டையரைக் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். "அக்கா அப்பவே சொன்னாங்க, நான்தான் கேக்கலை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு முதலில் மனசு குளிர்ந்துபோனது. திருடன் அகப்பட்டான், என் நாக்கு நல்ல நாக்கு என்று நினைத்தேன்.

அப்புறம்தான் குற்றம் என்ன என்று தெரிந்தது. நெட்டையர் உப்பைத் திருடவில்லையாம். கூட்டிப் போட்டாராம்! உப்பைக் கூட்டினால் வேலை போகுமா? எங்கே நடக்கும் இது?

மனசு கேட்கவில்லை. அவர் வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். "நான் எதுக்கு அக்கா உப்பு போடறேன்? பொட்டலம் வருஷ ஆரம்பத்துலேர்ந்தே லேசா வருது. கேட்டேன். 'வாயை மூடிக்கிட்டுக் கொட்டு, முக்கியமா ருசி மேஜைக்குத் தெரியக் கூடாது'ன்னு மேனேஜர் சொன்னாரு. மூடிக்கிட்டேன். இப்ப நான் திருடன்" என்றார். அவர் மனைவி எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன்.

அத்தான் நேற்றுக் குளியலறையில் தலை சுற்றி விழுந்தார். அடி பெரிதில்லை. அழுத்தம்தான் மிகவும் அதிகம்.

என் நாக்குக்குத் தெரியக் கூடாது என்று சொன்னது யார்? நீ எனக்கு உண்மையை எழுது.

அக்கா

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் எப்படி இருக்கிறார்? இங்கே பெரிய டாக்டரிடம் காட்டலாம், கூட்டிக்கொண்டு வா.

உண்மையை எழுதுகிறேன். அப்பா அழுத்தம் ஏறி வேலை செய்த இடத்திலேயே விழுந்தாரே, அதிலிருந்து எனக்கு இந்த ஒரே எண்ணம்தான். அழுத்தத்துக்கு மருந்து கொடுப்பது அப்புறம், அது வராமல் தடுக்க வேண்டும். ஜனங்கள் உப்பைச் சாப்பாட்டு மேஜையில் போட்டுக் கெட்டுப்போவதைவிட, தெரியாமலே ரொட்டியில் சாப்பிட்டுக் கெட்டுப்போவது அதிகம். குறைக்கிறோம் என்று சொல்லிக் குறைத்தால், வாயில் வைப்பதற்கு முன்பே சப்பென்று இருக்கிறது என்பார்கள். அதனால் படிப்படியாக, யாருக்கும் சொல்லாமல் குறைப்பது என்று திட்டம் போட்டோம். முதல் தொழிற்சாலையாக உங்களுடையதை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அந்த அறையையும் கதவையும் அப்போதுதான் வந்து பார்த்தேன். அன்றைக்கு உன்னைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

ஏன் உங்களுடையது என்று கேட்பாய். "எங்க அக்கா கண்டுபிடிக்கலைன்னா ஊர்ல ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது" என்று மீட்டிங்கில் சொன்னேன்.

நீ முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாய். அதைச் சொன்னால் திட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். அறிக்கையில் 'ருசி பார்ப்பவர்கள் உட்பட ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் நாக்கைப் பற்றி எழுதியதும் அதற்காகத்தான். மேனேஜருக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். மன்னித்துக்கொள்.

இப்போது சோதனையில், திட்டம் தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிட உப்பு அதிகமாக இருக்கிறது. இது எப்படி என்று எங்களுக்குப் புரியவில்லை. விற்பனை குறையுமோ என்று பயந்து முதலாளி சொல்லி நெட்டையர் போட்டார் என்றுதான் மேலிடம் நினைக்கிறது. மே 9-ம் தேதி அங்கே விசாரணை. நானும் வருவேன். நெட்டையர் உன்னிடம் வேறு ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் அதற்கு முன்பே எனக்கு எழுது.

தம்பி

மே 2

தம்பிக்கு,

மன்னிப்பும் கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே என்னை வேவு பார்க்கவும் சொல்கிறாய். கெட்டிக்காரன்தான்.

இனி தேட வேண்டாம். உப்பைப் போட்டது நான்.

காலையில் நெட்டையர் மாவு மூட்டை எடுக்கப் போகும் நேரத்தில் பின்பக்கக் கதவு வழியாகப் போவேன். மேலங்கிப் பையிலிருந்து ஒரு கைப்பிடி உப்பை எடுத்து, மாவு பிசைய வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டியில் போடுவேன். நெட்டையர் எடுத்ததை ஈடுகட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கைப்பிடி சரியாகத்தான் இருந்தது. மார்ச்சில் நீங்கள் மறுபடி குறைத்தீர்கள் போலிருக்கிறது. எனக்கு ஆத்திரம் வந்தது. அதற்கப்புறம் என் கைப்பிடி பெரிதாகிவிட்டது. அளவு தாண்டியதை என் நாக்கு எனக்குச் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சந்தேகத்தோடு சாப்பிட்டால் எவ்வளவு உப்பும் குறைவாகத்தான் இருக்கும்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு அத்தானின் மருத்துவச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். நீ குறைத்தபோது அவருக்கு இறங்கியிருக்கிறது. நான் போட ஆரம்பித்த பிறகு ஏறியிருக்கிறது. ரொட்டியால் மட்டுமே ஏறியிருக்காது என்று நீ படித்தவன் சொல்வாய். சொல்லிக்கொள். அந்த ரொட்டியை வெட்டி அவர் தட்டில் வைத்தது நான். நேற்று முழுக்க அழுதேன்.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? "அக்கா, இது என் வேலை, பேசாமல் இரு" என்று எழுதியிருந்தால் என் வாயைத் தைத்துக்கொண்டிருப்பேனே. உன்னைவிட எனக்கு அப்பா ஞாபகம் குறைவா?

விசாரணையில் நான் போட்டதை நான் சொல்லிவிடுவேன். நெட்டையர் வேலை அவருக்குத் திரும்ப வேண்டும். நான் ஏன் போட்டேன் என்பதை நீ சொல். நான் முதல் வாரமே கண்டுபிடித்து உனக்கு எழுதினேன் என்று சொல். அது போதும்.

அக்கா

ஜூன் 8

தம்பிக்கு,

விசாரணை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. நீ எழுதுவாய் என்று காத்திருந்தேன். எழுதவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

நீ அங்கே இருந்தாய். ஆனாலும் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நான்தான் உப்பைப் போட்டேன் என்றதும் உன் பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, உப்பு குறைஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "நாக்குலதான் சார்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் தாளைப் புரட்டினார். "ருசி பாக்கறவங்க உட்பட ஒருத்தரும் கண்டுபிடிக்கலைன்னு இதுல எழுதியிருக்கே?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடித்தாய். குடித்து முடித்துக் கீழே வைப்பாய், வாயைத் திறப்பாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டாய்.

"பழக்க தோஷத்துல போட்டிருக்கீங்க. வயசான நாக்கு, உப்பு கூடத்தான் கேக்கும்" என்று அவரே முடித்துவிட்டார். உன் கடிதம் அப்போது என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். தம்பியைச் சபையில் வைத்து அவமானப்படுத்த எனக்கு மனசு வரவில்லை. அக்காவை அவமானப்படுத்த உனக்கு வந்தது.

நெட்டையருக்கு மறுநாளே வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. அவர் வீட்டுக்குப் போய் இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டேன். "ஆட்டுக்கு உப்பு கடையிலதான் அக்கா வாங்கறேன்" என்றார். தழைக் கட்டை எடுத்துக்கொண்டு ஆட்டுப் பக்கம் போய்விட்டார். அது அவருக்கு நியாயம்தான். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ரொட்டியை உறையில் போட்டு ஒட்டும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். ருசி மேஜையில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண். எதைக் கொடுத்தாலும் சரியாக இருக்கிறது என்கிறாள்.

உங்கள் ஆட்கள் உப்பை மறுபடி குறைத்துவிட்டார்கள். அத்தானுக்கு இறங்கியிருக்கிறது. போன வாரம் முதல் பகலில் மட்டும் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னைத் தீர்த்துக்கட்டப் பார்த்தியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரே என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

அந்த அறிக்கையை வைத்து இன்னும் பல தொழிற்சாலைகளில் இதைச் செய்யப் போகிறார்கள் என்று மேனேஜர் சொன்னார். செய்யட்டும். நல்ல காரியம். அத்தான் வண்டியில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா? கடைக்காரர்களிடமோ ரொட்டி வாங்குகிறவர்களிடமோ இதுவரை மூச்சு விடவில்லை. இனியும் விடமாட்டேன். 'ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை' என்ற வரி மட்டும் அதில் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று மேனேஜரைப் பார்க்கச் சொன்னேன். இருக்கிறதாம். உன் கையெழுத்தும் இருக்கிறதாம்.

நாங்கள் நலம். உன் நலத்தை இந்த முறை உன்னிடம் கேட்கவில்லை. உன் மனைவிக்குத் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறேன். அவள் எழுதினால் நம்புவேன்.

அக்கா